சீன சரித்திரப் படம், வேலூர் சத்துவாச்சாரி வீட்டில்

சீன சரித்திரப் படம் பார்க்க முதலில் வாங்கிய டிஸ்க் எங்கள் பிளேயரில் ஓடவே இல்லை. ஹாங்காங் டிவிடி அது, ரீஜியன் 3. எந்த நாட்டுப் பிளேயரில் டிஸ்க் ஓடும் என்பதற்கான குறியீடுதான் ரீஜியன். இந்தியாவுக்கு 5, சீனாவுக்கு 6. காசு போனது போனதுதான்.

ப்ளூரேயில் கொஞ்சம் நிம்மதி. இந்தியாவும் சீனாவும் ஒரே ‘சி’ ரீஜியன். ஆனால் ஹாங்காங், தைவான் எல்லாம் ‘ஏ’. அட்டையின் பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்கி, எழுத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 4கே டிஸ்க்குக்கு ரீஜியன் தொல்லை இல்லை, அதற்கான பிளேயர்தான் விலை.

அடுத்தது சப்டைட்டில். சீனாவிலேயே விற்கும் பல டிஸ்க்குகளில் சீன எழுத்து மட்டும்தான் வரும். ஹாங்காங் பதிப்பில் ஆங்கிலம் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓடும் நேரத்தையும் பாருங்கள். இயக்குநர் ஜான் வூவின் ‘ரெட் கிளிஃப்’ 2008, 2009 என இரண்டு பாகமாக வந்த படம். சேர்த்தால் நாலரை மணி நேரத்துக்கு மேல். மேற்கத்திய நாடுகளுக்கு அதையே இரண்டரை மணி நேரமாக வெட்டிவிட்டார்கள். நான் முதலில் பார்த்தது அந்த வெட்டுப் பதிப்பைத்தான். யார் யாருக்கு என்ன உறவு என்று புரிவதற்குள் போர் வந்துவிட்டது!

சுங்க வரியையும் கணக்கில் வையுங்கள்; தபாலில் வந்தால் போஸ்ட்மேன் கையில் கட்ட வேண்டியிருக்கும். பார்சலைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். கடகடவென்றால் டிஸ்க் கழன்று கிடக்கிறது. பிரிக்கும் முன்பே செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள்.

அப்புறம், வேலூர் வெயில். டிஸ்க்குகளை மொட்டைமாடி அறையில் அடுக்க வேண்டாம்.