எட்டு அணி, ஒரே ஸ்பான்சர்: லீக் ஜெர்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் டர்ஃப் மைதானங்கள் பெருகப் பெருக, வார இறுதிக் கால்பந்து லீக்குகளும் பெருகிவிட்டன. எட்டு அணி சேர்ந்ததும் ஒரு பம்ப் கம்பெனியோ ஜவுளிக்கடையோ முன்வந்து, “எல்லா டீமுக்கும் ஜெர்சி நாங்களே குடுத்துடறோங்க” என்று சொல்லிவிடுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் பணம் கிடைத்த மகிழ்ச்சியில் எட்டு கேப்டன்களும் தனித்தனியாக நிறம் சொல்ல, டிசைனர் ஒரே படத்தை எட்டு நிறத்தில் மாற்றித் தர, முதல் ஆட்டத்தன்று பார்த்தால் இரண்டு அணியும் கருநீலத்தில் வந்து நிற்கும். பிறகு ஒரு அணி ஜெர்சிக்கு மேல் போடும் வியர்வை நாற்றமடிக்கும் கையில்லாச் சட்டையை, அதாவது பிப்பை, மாட்டிக்கொண்டு ஆட வேண்டியதுதான். ஜெர்சிக்குச் செலவழித்த பணம் பிப்புக்கு அடியில் போய்விடும்.

லீக் ஜெர்சியில் நடக்கும் பெரிய தவறு இதுதான்: எட்டு ஜெர்சியை எட்டு தனி வேலையாகப் பார்ப்பது. ஒருவரே எல்லா அணிக்கும் ஜெர்சி கொடுக்கிறார் என்றால் நிறங்களை ஒரே மேசையில் வைத்துப் பிரிக்கும் வசதி கையில் இருக்கிறது. ஒவ்வொரு கிளப்பும் தனக்குப் பிடித்த பிராண்டோடு தனியாக ஒப்பந்தம் போடும் பிரீமியர் லீக்கிலோ நம் இந்தியன் சூப்பர் லீக்கிலோ இந்த வசதி இவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

நிறத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள், ஜோடியாகப் பாருங்கள்

எட்டு அணி ஒருவரோடொருவர் ஒரு முறை மோதினால் 28 ஆட்டம். நான்கு அணிக்கு அடர்நிறம், நான்கு அணிக்கு வெளிர்நிறம் என்று பிரித்தால் 16 ஆட்டத்தில் தொல்லையே இல்லை. மீதி 12 ஆட்டத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும். சிவப்பும் கருநீலமும் மோதலாம், கருநீலமும் கறுப்பும் கூடாது. வெள்ளையும் மஞ்சளும் பகலில் பரவாயில்லை. ஃப்ளட்லைட் வெளிச்சத்தில் எலுமிச்சை மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிடும். ஒரு தாளில் கட்டம் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடியும் வேலை இது. இதைச் செய்யாமல்தான் பலர் சீசன் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

கணினித் திரையில் ஜெர்சிப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் வேறுபட்டுத்தான் தெரியும். சாம்பிள் துணிகளைச் சேர்த்து ஃபோனில் ஒரு படமெடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி ஆகாது. ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சை போன்ற நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருக்கிறது. அப்படியென்றால் இரண்டு அணியைச் சேர்த்தால் ஒருவருக்காவது அந்தக் குறை இருக்க நல்ல வாய்ப்புண்டு. 2018 உலகக்கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே ரஷ்யா சிவப்பிலும் சவுதி அரேபியா பச்சையிலும் இறங்கின. நிறக்குறை உள்ளவர்களுக்கு யார் எந்த அணி என்றே புரியவில்லை என்று புகார் கிளம்பியது.

பின்னணியையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1996 ஏப்ரலில் சவுத்தாம்ப்டன் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் சாம்பல் ஜெர்சியில் ஆடி முதல் பாதியில் 0-3 என்று பின்தங்கியது. கூட்டத்தின் பின்னணியில் சக வீரர் கண்ணுக்குப் படவில்லை என்று சொல்லி, இடைவேளையில் நீல வெள்ளை ஜெர்சிக்கு மாறினார்கள். (மாறியும் 1-3 என்று தோற்றார்கள் என்பது வேறு கதை.) நம் டர்ஃப்களில் தரை பச்சை, சுற்றிக் கட்டிய வலையும் பெரும்பாலும் பச்சை. அதில் பச்சை ஜெர்சி கேட்கும் கேப்டனிடம் நான் மறுத்துத்தான் பேசுவேன். காலங்காலமாகப் பச்சைதான் எங்கள் நிறம் என்றால் சரி, ஜெர்சியின் கைப்பகுதியையாவது வெள்ளையாக்குங்கள்.

கோல்கீப்பரை எல்லாரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். கால்பந்து விதி 4-இன்படி கோல்கீப்பர் மற்ற வீரர்களிடமிருந்தும் நடுவர்களிடமிருந்தும் நிறத்தில் வேறுபட வேண்டும். எந்த அணிக்கும் கொடுக்காத இரண்டு நிறத்தை, உதாரணமாக ஆரஞ்சும் ஊதாவும், லீக் முழுக்கக் கீப்பர்களுக்கென்று ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது. நடுவர் என்ன நிறம் போடுவார் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் கறுப்பு மட்டும்தான் இருக்கிறதென்றால் எந்த அணிக்கும் கறுப்பு கிடையாது.

ஒரே வார்ப்பில் எட்டு அணி

அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் 1996-ல் தொடங்கியபோது பல பிராண்டுகள் கிளப்புகளைப் பங்கிட்டுக்கொண்டு ஜெர்சி கொடுத்தன. 2004-ல் அடிடாஸோடு 10 ஆண்டுக்கு 15 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, லீக் மொத்தத்தையும் ஒரே பிராண்டுக்குக் கொடுத்தார்கள். கடைசியாக 2023-ல் அதை 2030 வரை நீட்டித்திருக்கிறார்கள். அங்கே வீரர்களின் ஒப்பந்தமே லீக்கோடுதான் என்பதால் இப்படி மொத்தமாகப் பேசுவது எளிது. பெரிய கிளப்புக்கும் சின்ன கிளப்புக்கும் ஒரே தரத்தில் துணி கிடைக்கும், பேரம் பேசவும் பலம் கூடும். ஆனால் எல்லா ஜெர்சியும் ஒரே அச்சில் வருகிறது என்ற ரசிகர் முணுமுணுப்பும் ஓயவில்லை. 2020-ல் லீக்கின் 25-வது சீசனுக்காக எல்லா கிளப்பின் வலது தோளிலும் அடிடாஸின் மூன்று பட்டையைப் பெரிதாகப் போட்டார்கள். கிளப்பைவிடப் பிராண்டுதான் முதலில் கண்ணில் பட்டது.

ஒரே தயாரிப்பாளர் என்றால் ஒரே தோற்றம் என்று விதி ஒன்றும் இல்லை. 1993-ல் ஜப்பானின் ஜே லீக் தொடங்கியபோது லீக் ஆட்ட ஜெர்சிகளை எல்லா கிளப்புக்கும் மிசுனோதான் செய்தது. ஆனாலும் ஒவ்வொன்றும் தனித்தனி முகத்தோடு இருந்தது.

என் கணக்கு இது: துணி, எண்ணின் எழுத்துரு, கையில் வரும் லீக் பேட்ஜ், ஸ்பான்சர் லோகோவின் இடம், இவை நான்கும் எல்லாருக்கும் பொது. நிறம், காலர், மார்பில் வரும் கோடு அல்லது கட்டம், அணிச் சின்னம் ஆகியவை அணியின் உரிமை. பிரீமியர் லீக்கே 1997 முதல் எண்ணுக்கும் பெயருக்கும் ஒரே எழுத்துருதான் வைத்திருக்கிறது. அதனால் எந்த கிளப்பும் தன் முகத்தை இழக்கவில்லை.

பழைய நிறத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பிரிட்டனின் கார்டிஃப் சிட்டி கிளப்பின் நீலத்தை 2012-ல் உரிமையாளர் சிவப்பாக மாற்றினார். ரசிகர் எதிர்ப்பு ஓயாமல் 2015 ஜனவரியில் நீலத்துக்கே திரும்பினார்கள். ஸ்பான்சர் கம்பெனியின் நிறம் ஆரஞ்சு என்பதற்காக முப்பது வருடக் கல்லூரி அணிக்கு ஆரஞ்சு போடுவதும் அதே வேலைதான்.

பணம் கொடுப்பவருக்கு எவ்வளவு இடம்

ஸ்பான்சர் ஆஃபீஸில் சாம்பிளைக் காட்டும்போது தவறாமல் வரும் வார்த்தை: “லோகோ இன்னுங் கொஞ்சம் பெருசா வரட்டுங்க.” ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி அணிச் சின்னம் அக்குளுக்கு ஒதுங்கிவிடும். ஜெர்மனியில் 1973-ல் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. சட்டையில் விளம்பரத்துக்கு அனுமதி இல்லாத காலம். ஐன்ட்ராக்ட் பிரவுன்ஷ்வைக் கிளப், யேகர்மைஸ்டர் மதுபானத்தின் மான் தலையைத் தன் கிளப் சின்னமாகவே மாற்றிக்கொண்டு களத்தில் இறங்கியது. ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான பன்டஸ்லிகாவில் சட்டை விளம்பரம் நுழைந்தது அந்த வழியில்தான். நமக்கு அந்த அளவு வேண்டாம். லோகோவின் அகலம், உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று பணம் கைமாறும் முன்பே எழுதிக்கொண்டால் போதும்.

சிவப்பு லோகோவை நீல ஜெர்சியில் வைக்க முடியவில்லை என்று வெள்ளைப் பெட்டி போட்டு அதற்குள் லோகோவை வைப்பார்கள். கூரியர் பார்சலில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி இருக்கும். லோகோவின் ஒற்றை நிற வடிவத்தை, வாட்ஸ்அப்பில் வந்த ஜேபெக் படமாக இல்லாமல், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் ஃபைலாக, கேட்டு வாங்குங்கள்.

அணி ஓனருக்குச் சொந்த வியாபாரம் இருக்கும். லீக் ஸ்பான்சர் ஒரு கிரைண்டர் கம்பெனி, ஒரு அணியின் ஓனரும் கிரைண்டர் செய்பவர் என்றால் சண்டை நிச்சயம். எந்தத் தொழிலில் லீக் ஸ்பான்சருக்கு மட்டும் உரிமை, அணி தன் விளம்பரத்தை எங்கே போடலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பான்சர் நடுவில் விலகினால் என்ன செய்வது என்றும் ஒரு வரி இருக்கட்டும். 2025 ஆகஸ்டில் ஆன்லைன் பண விளையாட்டுக்கு எதிரான சட்டம் வந்ததும் ட்ரீம் 11 விலக, இந்தியக் கிரிக்கெட் அணியே ஆசியக் கோப்பையில் முதன்மை ஸ்பான்சர் பெயர் இல்லாத ஜெர்சியில் ஆடியது. அவ்வளவு பெரிய வாரியத்துக்கே அந்த நிலை. நம் லீக்கில் துணி வெட்டும் முன்பே பாதிப் பணமாவது கைக்கு வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று: ‘பார்க்க ஒரிஜினல் மாதிரி இருக்கும்’ என்று அடிடாஸ் பட்டையையும் நைக்கி டிக்கையும் போடச் சொல்லாதீர்கள். அவை பதிவு செய்த வணிகச் சின்னங்கள். பிரச்சினை வந்தால் ஸ்பான்சர் பெயரும் சேர்ந்து கெடும்.

பனியன் ஊரிலேயே நடக்கும் துணித் தவறுகள்

‘திருப்பூரில் துணிக்கா பஞ்சம்’ என்று காதர்பேட்டையில் நல்ல காட்டன் பனியனைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. காட்டன் வியர்வையைக் குடித்துக் கனக்கும். அதைவிட முக்கியமாக, சப்ளிமேஷன் பிரிண்டிங் (பேப்பரில் அச்சடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றுவது) காட்டனில் நிற்காது. சூட்டில் ஆவியாகும் சாயம் பாலியஸ்டர் இழைக்குள்தான் போய் உட்காரும். அதனால் ஆட்ட ஜெர்சிக்கு 140 முதல் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எடை) வரையிலான பாலியஸ்டர் டாட் நிட் மாதிரியான துணி போதும். சப்ளிமேஷன் பேப்பரில் நிறம் மங்கலாகத்தான் இருக்கும்; பிரஸ்ஸில் அழுத்திய பிறகு வருவதுதான் நிஜ நிறம். பேப்பரையோ திரையையோ பார்த்து ஓகே சொல்லாமல், அதே துணியில் ஒரு துண்டு அடித்து வாங்கி வெயிலிலும் மைதான லைட்டிலும் வைத்துப் பாருங்கள்.

அடிக்கடி வரும் புகார் வெள்ளை எண்ணைப் பற்றியது. சிவப்பு பாலியஸ்டரில் வெள்ளை எண்ணை ஹீட் பிரஸ்ஸில் ஒட்டுவார்கள். கொடுக்கும்போது பளிச்சென்று இருக்கும். சில நாளில் எண் ரோஸ் நிறமாகிவிடும். சூட்டில் துணியின் சாயம் கிளம்பி ஒட்டிய வெள்ளைக்குள் ஏறிவிடுவதுதான் காரணம். பிரஸ்ஸிலிருந்து எடுத்த ஜெர்சியை ஆறவிடாமல் சுடச்சுட அடுக்கினால் இன்னும் மோசமாகும். சாயத்தைத் தடுக்கும் அடுக்கு உள்ள ஸ்டிக்கர் கேட்கலாம். அல்லது வெள்ளைத் துணியிலேயே எண்ணைச் சுற்றிச் சிவப்பை அடித்து, எண்ணை அடிக்காத வெள்ளையாக விட்டுவிடலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் அதில் பெயரையும் எண்ணையும் பிறகு மாற்ற முடியாது.

துணியின் பலத்தையும் சோதிக்க வேண்டும். யூரோ 2016-ல் பிரான்ஸோடு ஆடியபோது சுவிட்சர்லாந்து வீரர்களின் பூமா ஜெர்சிகள் இழுத்த இழுப்பில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிந்தன. ஒரு தொகுதித் துணியில் நூல் சேதமடைந்திருந்தது, சூடு, அழுத்தம், நேரம் மூன்றும் சரியாகக் கட்டுப்படாவிட்டால் இப்படி ஆகலாம் என்று பூமா விளக்கம் சொன்னது. நம்ம ஊர் ஹீட் பிரஸ்ஸுக்கும் அதே மூன்றுதான். சாம்பிளை வாங்கியதும் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பாருங்கள், அக்குள் தையலையும் சேர்த்து. நான்கைந்து முறை துவைத்தும் பாருங்கள்.

எண்ணின் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரிய போட்டிகளில் முதுகு எண்ணின் உயரம் 25 முதல் 35 செ.மீ. கோடு போட்ட ஜெர்சி என்றால் எண்ணுக்குப் பின்னால் வெறும் நிறத்தில் ஒரு கட்டம் விடுங்கள். இல்லையென்றால் 3 எது, 8 எது என்று நடுவர் திணறுவார்.

சைஸை வெறும் ‘எல்’, ‘எக்ஸெல்’ என்று வாங்காமல் மார்பளவை இஞ்சில் வாங்குங்கள். பெண்கள் அணிக்குத் தனி பேட்டர்ன் வேண்டும், ஆண்கள் ஜெர்சியைச் சின்னதாக்குவது அல்ல. ஒவ்வொரு அணிக்கும் எண் போடாத இரண்டு மூன்று ஜெர்சியை முதல் ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள். நடுவில் புது வீரர் வந்து திரும்ப அடித்தால் வேறு லாட் துணியில் ஷேட் மாறித்தான் வரும். லீக் நவம்பரில் என்றால் ஆர்டரைத் தீபாவளிக்கு நெருக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். தீபாவளிக்கு முன் கம்பெனிகளில் பண்டிகை ஆர்டர் நெருக்கும். தீபாவளிக்குப் பின் ஊருக்குப் போன டெய்லர்களும் பிரிண்டிங் ஆட்களும் திரும்பி வந்து மெஷின் ஓட ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். ஆடி மாதத்திலேயே சாம்பிள் பேசிவிடுங்கள்.