நாட்டுக்கோழியை அடை வைக்கும் முறை: முட்டை சேர்ப்பதில் இருந்து குஞ்சு பிரிப்பது வரை

பன்னிரண்டு முட்டை வைத்து நாலே குஞ்சு இறங்கினால் பழி கோழி மேல்தான் விழும். ‘ராசியில்லாத கோழி’ என்று சந்தைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆனால் கூமுட்டையாகிப் போனவற்றில் பல, கோழி உட்காரும் முன்பே கெட்டிருக்கும். அதனால் முட்டையில் இருந்தே தொடங்கலாம்.

முட்டை சேர்ப்பது

சிறிய உடல்கொண்ட நாட்டுக்கோழி வகையான சிறுவிடையின் பெட்டை ஒரு சுற்றுக்கு 12 முதல் 15 முட்டை இடும். அதையும் விடாமல் இடாது, இடையிடையே ஒரு நாள் விட்டுத்தான் இடும். கடைசி முட்டையை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும்போது முதல் முட்டைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் வயதாகியிருக்கும். சேர்த்ததை எல்லாம் அப்படியே வைத்தால் முன்பாதி முட்டைகளில் பல பொரியாமல் போகும். முட்டை எடுத்ததும் பென்சிலால் தேதி எழுதுங்கள். கடைசி ஏழு நாளில் இட்டதை மட்டும் அடைக்கு வையுங்கள். சித்திரை, வைகாசியில் நாலைந்து நாள்தான் கணக்கு. மீதி முட்டை அடுப்படிக்கு. எண்ணிக்கை குறைந்தால் அதே கூட்டத்தில் இருக்கும் மற்றப் பெட்டைகளின் புது முட்டையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வயதை விட வெயில் மோசம். சேமிக்கும் இடம் 25 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் உள்ளே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, தொடர முடியாமல் செத்துவிடும். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் பரண்மேல் கூடையில் வைத்த முட்டைக்கு நடப்பது இதுதான். அகலமான மண்பானையில் பாதிக்கு மணல் போட்டு நீர் தெளியுங்கள். அதன்மேல் ஒரு சட்டியை வைத்து, காய்ந்த உமி பரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டையை அடுக்குங்கள். முட்டை மேல் ஈரம் படக் கூடாது. வீட்டில் குளிரான மூலையில் பானையை வைத்து, மணல் காயக் காய நீர் தெளித்தால் போதும். பிரிட்ஜின் குளிர் அதிகம், அதில் வைக்காதீர்கள்.

முட்டையைக் கழுவவும் கூடாது. ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் நுண்கிருமி உள்ளே இறங்கும். எச்சம் லேசாக ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் துடைக்கலாம். அழுக்கு அப்பியிருந்தால் அதை ஒதுக்குங்கள். உருண்டையாக இருப்பது, சொரசொரப்பானது, வெடக்கோழியின் முதல் சில சிறு முட்டைகள், விரல் நகத்தால் தட்டும்போது உடைந்த ஓசை வருவது, இவையும் வேண்டாம்.

சேவல் கணக்கு எளிது: எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒன்று. புதிதாக விட்ட சேவல் என்றால் ஒரு வாரம் கழித்து வரும் முட்டையைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

கோழி தயாரா?

அடைக்கோழி முட்டையிடும் இடத்தை விட்டு எழாது. கை கொண்டுபோனால் சிறகைச் சிலிர்த்து, தொண்டைக்குள் உறுமிக் கொத்த வரும். நெஞ்சில் முடி உதிர்ந்து தோல் தெரியும், கொண்டை வெளுத்திருக்கும். பகலில் மட்டும் உட்கார்ந்து இரவில் மற்ற கோழிகளோடு போய் அடைகிறது என்றால் இன்னும் நேரம் வரவில்லை. உதவாத முட்டை இரண்டை வைத்துப் பாருங்கள்; அடுத்தடுத்து இரண்டு இரவு அதே இடத்தில் இருந்தால் நம்பலாம்.

முதல் சுற்றுக் கோழியை விட, ஏற்கெனவே ஒருமுறை குஞ்சு எடுத்தது மேல். சிறுவிடை நல்ல தாய். பெருவிடையும் அடையில் அசையாது. உடல் கனத்தில் முட்டை நசுங்கும் என்பதால் அதற்குப் படுக்கை தடிமனாக வேண்டும். கருங்கோழியான கடக்நாத் பாதியில் எழுந்துவிடும். அதன் முட்டையைச் சிறுவிடைக்கு வைப்பதே வழக்கம்.

அடைக் கூடை

ஒன்றேகால் அடி அகலம், அரை அடி ஆழம் உள்ள மூங்கில் கூடை அல்லது வாய் அகன்ற சட்டி போதும். அடியில் மூன்று விரல் உயரம் மணல், அதன்மேல் இரண்டு கைப்பிடி அடுப்புச் சாம்பல், அதற்கு மேல் கசக்கிய வைக்கோல். நடுவில் லேசான குழி இருக்கட்டும். குழி ஆழமானால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். தட்டையானால் ஓரத்து முட்டை குளிர்ந்துவிடும். இடி இடித்தால் கரு கலங்கும் என்று இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போடுவார்கள். போட்டால் கெடுதல் இல்லை, இடிக்கும் குஞ்சுக்கும் சம்பந்தமும் இல்லை. சாம்பல் அப்படியல்ல. செள்ளும் பேனும் ஏறாமல் இருக்க அது கட்டாயம் வேண்டும்.

கூடை இருட்டாக, காற்றோட்டமாக, மற்ற கோழிகள் வராத இடத்தில் இருக்க வேண்டும். இன்னொரு பெட்டை வந்து முட்டையிட்டால் தேதிகள் கலந்து, பாதி பொரிந்ததும் தாய் எழுந்துவிடும். வைத்த முட்டைகளில் கரியால் ஒரு கோடு போடுங்கள். கோடு இல்லாததை அன்றன்றே எடுத்துவிடலாம்.

வைக்கும் நாள்

இருட்டிய பிறகு கோழியைத் தூக்கிக் கூடையில் விடுங்கள். பகலில் இடம் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். எல்லா முட்டையையும் ஒரே இரவில் வைப்பதுதான் முறை. ஒன்றரைக் கிலோ கோழிக்கு 10 அல்லது 11, குளிர்காலத்தில் 8 அல்லது 9. ஒரு முட்டையாவது சிறகுக்கு வெளியே தெரிந்தால் எண்ணிக்கை அதிகம் என்று அர்த்தம். அந்த ஒரு முட்டையோடு போகாது. கோழி உருட்ட உருட்ட ஒவ்வொன்றாக ஓரத்துக்கு வந்து குளிரும்.

இருபத்தொரு நாள்

கோழி ஒரு நாளைக்கு ஒருமுறை, பதினைந்து இருபது நிமிடம் எழுந்து வரும். அப்போது கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம் போன்ற தானியமும் தண்ணீரும் கொஞ்சம் தள்ளி இருக்க வேண்டும். பிசைந்த தவிடு வேண்டாம், கழிச்சல் வந்து கூடை நாசமாகும். புழுதிக் குளியலுக்கு இடம் கொடுங்கள். சில கோழிகள் எழவே எழாது. அப்படி இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் தூக்கி வெளியே விடுங்கள். தூக்கும் முன் இரண்டு இறக்கைக்கு அடியிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே இடுக்கியிருக்கும் முட்டை கீழே விழுந்து மற்றதையும் உடைக்கும்.

எட்டாம் நாள் இரவு முட்டை பாருங்கள். மொபைல் டார்ச் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்து, சுற்றிலும் கையால் வெளிச்சத்தை மறையுங்கள். சிலந்தி கால் பரப்பியது போலச் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உயிர் இருக்கிறது. கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் சேவல் சேராதது. சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கி இறந்தது. பின்னிரண்டையும் எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று கோழிகளை ஒரே நாளில் அடை வைத்திருந்தால் நல்ல முட்டைகளைச் சேர்த்து ஒரு கோழியை விடுவித்துவிடலாம்.

முட்டை உடைந்து மற்றவற்றில் ஒழுகினால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, வைக்கோலை உடனே மாற்றுங்கள். நாறும் முட்டையைக் குலுக்காமல் எடுக்க வேண்டும். வெடித்தால் கூடை முழுவதும் போச்சு.

பொரிக்கும் நேரம்

18ஆம் நாளுக்குப் பிறகு கை வைக்காதீர்கள். முட்டையை வெந்நீரில் மிதக்கவிட்டு ஆடுகிறதா என்று பார்க்கும் பழக்கம் உண்டு. மூக்கால் ஏற்கெனவே கீறியிருந்தால் உள்ளே நீர் போய்க் குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும்.

ஓட்டில் முதல் துளை விழுந்து குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் உள்சவ்வில் ரத்தம் கசியும், அந்தக் குஞ்சு பெரும்பாலும் பிழைக்காது. இந்த நேரத்தில் பெரிய எதிரி எறும்பு. துளை வழியே நுழைந்து குஞ்சை உயிரோடு தின்னும். கூடையை ஒரு பலகை மேல் ஏற்றி, பலகையின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

குஞ்சு வந்த பிறகு

வயிற்றில் மஞ்சள் கரு இருப்பதால் முதல் நாள் தீனி தேவையில்லை. பிறகு தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள்; இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து நனையும். நொய்யரிசி, கம்புக் குருணை கொடுக்கலாம். முதல் மாதம் கடையில் கிடைக்கும் குஞ்சுத் தீவனமும் சேர்ந்தால் வளர்ச்சி நன்றாக இருக்கும். இரண்டு வாரம் தாயோடு பஞ்சாரத்தில் அடைத்து வைத்தால் காக்கை, பருந்து, பூனைக்குத் தப்பும். அடைக் கூடையின் வைக்கோலை எரித்துவிடுங்கள், அதில் செள் இருக்கும்.

ஏழாம் நாள் வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய் வராமல் தடுக்கக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். எட்டாவது வாரம் தடுப்பூசி. கால்நடை மருந்தகத்தில் பிப்ரவரியில் நடக்கும் இருவார முகாமுக்கும் கொண்டுபோகலாம். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில்தான் எடுத்துவர வேண்டும். வெயிலில் வந்த மருந்தும் வெறும் தண்ணீரும் ஒன்று.

தாய் தானாகவே கொத்தி விரட்ட இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஆறு வாரத்தில் பிரித்துவிட்டால் அடுத்த முட்டைச் சுற்று சீக்கிரம் தொடங்கும், ஆண்டுக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கிடைக்கும்.