ஆமிக்காரருக்கு ஒரு விக்கிக் கட்டுரை: தகவற்பெட்டியில் நான் தொலைத்த இரவு

பக்கத்து வீட்டு வாத்தியார் மாமா திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, வன்னியில இருந்துகொண்டு ஆமிக்காரன்ர கதையே எழுதிறாய்?"

"மாமா, இவர் 1955இல இராணுவத் தளபதியா வந்தவர். அன்ரன் முத்துக்குமாரு. தமிழர்."

"உண்மையாவோ?" கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அவருக்குத் தேத்தண்ணி மூன்று தரம் வந்தது. எனக்குக் கட்டுரையின் ஓரத்தில் ஆளின் விவரம் காட்டும் தகவற்பெட்டி மட்டும் வரவில்லை. அந்த இரவில் பட்ட பாடுதான் இந்தப் பதிவு. விக்கிப்பீடியாவில் கணக்குத் திறப்பதை விளக்கப்போவதில்லை, முகநூல் திறந்தவருக்கு அது தானாக வரும்.

முதலில் ஆளைத் தெரிவு செய்யுங்கள். 2009 செய்திகளில் வந்த அதிகாரியில் கை பழகாதீர்கள். என் முதல் முயற்சி அப்படித்தான் போனது. உயிரோடு இருக்கும் ஒருவரின் பக்கத்தில் மூன்று வரி சேர்த்தேன், காலையில் பார்த்தால் காணோம். எழுதியதில் பொய் இல்லை, ஆனால் சான்றும் இல்லை. கோபத்தில் திரும்பப் போட்டேன், திரும்பவும் போனது. வாழ்பவரைப் பற்றிச் சான்றில்லாத சர்ச்சை வரி விக்கியில் நிற்காது. அடிபடுவதற்கு முன் கட்டுரையோடு இருக்கும் 'உரையாடல்' பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும். அங்கே எழுதினால் கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) போடுங்கள், உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும்.

ஆள் சரி என்றால், நேரே கட்டுரையில் கை வைக்காமல் உங்கள் மணல்தொட்டியில், அதாவது உங்கள் சொந்தப் பயிற்சிப் பக்கத்தில், எழுதிப் பாருங்கள். அங்கே என்ன உடைந்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது எழுத்து. நம் பக்கத்தில் தட்டச்சுப் பழகிய பலருக்குக் கை பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசை முறையில்தான் ஓடும். வேர்டில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினேன். 'முத்து' என்ற இடத்தில் கே, ஜே, அரைப்புள்ளி, மறுபடி ஜே என்று ஆங்கிலக் குப்பை வந்து நின்றது. பழைய கோப்பு என்றால் அதை இணையம் எங்கும் வாசிக்கக்கூடிய ஒருங்குறி (யூனிகோட்) எழுத்தாக்கும் மாற்றியில் போட்டு எடுங்கள். புதிதாக அடிப்பதென்றால் தொகுக்கும் பெட்டியின் ஓரத்தில் வரும் விசைப்பலகைப் படத்தைச் சொடுக்கிப் பாமினியைத் தெரியலாம். விரல் பழக்கம் பழையது, விழுவது ஒருங்குறி. போனில் அடிப்பவர்களுக்கு என் ஓட்டு செல்லினம் செயலிக்கு.

இனித் தகவற்பெட்டி, அதாவது வலப்பக்கம் படத்தோடு வரும் அந்தச் சட்டம். இதற்கு 'மூலத்தைத் தொகு' என்பதைத்தான் அழுத்த வேண்டும் என்பது என் பிடிவாதம், காட்சித் தொகுப்பில் எனக்குக் கண் கட்டினது போல இருக்கும். உள்ளே ஒவ்வொரு வரியும் நிமிர்கோட்டில் (|) தொடங்கும். பிறகு ஓர் ஆங்கிலப் பெயர், சமன் குறி, அதன் பின் தகவல். நான் தமிழ்ப்பற்றில் 'ரேங்க்' என்ற ஆங்கிலச் சொல்லை அழித்துத் 'தரநிலை' என்று எழுதினேன். சேவைக்காலம், படைப்பிரிவு எல்லாவற்றையும் அப்படியே மாற்றினேன். முன்தோற்றத்தில் பார்த்தால் பெயரும் படமும் மட்டும். பிழை என்று ஒரு வரியும் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் அடைப்புக்குறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வார்ப்புரு, அதாவது பெட்டியை வரைந்து தரும் ஆயத்த அச்சு, தனக்குத் தெரிந்த பெயரை மட்டும்தான் தேடும், தெரியாததைப் பேசாமல் தள்ளிவிட்டுப் போகும். ஆக, சமன் குறிக்கு இடப்பக்கம் இருப்பதைத் தொடாதீர்கள், வலப்பக்கம் எவ்வளவு தமிழும் எழுதுங்கள்.

தரநிலை வேறு, பதவி வேறு. இங்கே நாங்கள் எல்லாரையும் 'தளபதி' என்றே சொல்லிப் பழகிவிட்டோம், விக்கியில் அது செல்லாது. முத்துக்குமாரு பிரிகேடியராக இராணுவத் தளபதிப் பொறுப்பை ஏற்று, மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்றவர். பிரிகேடியரும் மேஜர் ஜெனரலும் தரநிலை. இராணுவத் தளபதி பதவி, 1955 முதல் 1959 வரை. இரண்டையும் ஒரே வரியில் திணித்தால் வாசிப்பவர் குழம்புவார்.

ஆண்டையும் கவனியுங்கள். இராணுவம் 1949இல் உருவானது, முதல் இரண்டு தளபதிகளும் பிரித்தானியர். அதனால் 'முதல் தளபதி' என்று எழுதினால் பிழை, 'இலங்கையரான முதல் தளபதி' என்பதே சரி. இன்னொன்று, ஆங்கிலத்தில் 1972இல் 'சிலோன்' 'ஸ்ரீ லங்கா' ஆனது, தமிழில் நமக்கு அன்றும் இன்றும் இலங்கைதான். அதனால் இந்தப் பொறி கண்ணில் படாது. நாட்டின் பெயரோடு கொடி வார்ப்புருவைப் போட்டால் இன்றைய கொடி வந்துவிடும். சிங்கத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் அரச இலை இருக்கிறதா? அது 1972இல் வந்தது, 1955இல் இல்லை. கொடியே வேண்டாம், எழுத்தில் 'இலங்கை' என்று போட்டால் போதும் என்பது என் முடிவு.

'மாவீரர்', 'கொடியவர்', 'தலைசிறந்த' எல்லாவற்றையும் வெட்டுங்கள். எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் இதே கத்திதான். என்ன செய்தார், எப்போது, எங்கே, யார் பதிவு செய்தது என்று எழுதினால் போதும். பதவி ஏற்ற தேதிக்கு இராணுவத்தின் சொந்தத் தளம் போதும். போர்க்களத்தில் நடந்ததற்கு அது மட்டும் போதாது, வெளியார் எழுதிய சான்றும் வேண்டும். பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்கு நான் முதலில் போவது 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கு. மேற்கோளில் பக்க எண்ணையும் மறக்காதீர்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

பின்சேர்க்கை: ஆங்கிலக் கட்டுரையை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு ஒட்டியதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். 'ஜெனரல்' 'பொது' ஆகிவிட்டாராம். மொழிபெயர்க்கலாம், தடையில்லை. ஆனால் வரிக்கு வரி நீங்களே வாசியுங்கள், எந்தக் கட்டுரையில் இருந்து எடுத்தது என்று சேமிக்கும்போது வரும் தொகுப்புச் சுருக்கப் பெட்டியில் சொல்லுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: தமிழ்நாட்டு வாசகி ஒருவர் 'ஆன்டன்' என்று தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். நாங்கள் 'அன்ரன்' என்போம், அவர்களுக்கு அது தோன்றவே தோன்றாது. தலைப்பு எதுவாக இருந்தாலும் மற்ற எழுத்துக்கூட்டல்களுக்கு, தேடுபவரை இந்தக் கட்டுரைக்கே கொண்டுவரும் வழிமாற்றுப் பக்கம் ஒவ்வொன்று போட்டுவிடுங்கள், ஒரு நிமிட வேலை. 'யூலை'யை யாராவது 'சூலை' ஆக்கினால் சண்டைக்குப் போகாதீர்கள். நான் போய்த் தோற்றவன்.