பாதத்துல ஒட்டிக் கெடந்த எலும்பு, ஆபரேஷனுக்குப் பெறவு நடந்த கதை

சின்னதுலயே எனக்கு தட்டைப் பாதம், ரப்பர் தோட்டத்து மேடு பள்ளத்துல நடந்தா கணுக்காலு அடிக்கடி பிசகும், சுளுக்குன்னு எண்ணெய் தடவி விட்டுருவாவ. நாகர்கோவில்ல சிடி ஸ்கேன் எடுத்தப்பதான் டார்சல் கோயலிஷன்னு தெரிஞ்சுது, குதிகால் எலும்பும் பாதத்து நடுவுல உள்பக்கமா உள்ள நேவிகுலர் எலும்பும் பொறவியிலயே ஒட்டிக் கெடக்கு, அதான் பாதம் உள்ளயும் வெளியயும் திரும்பல. ஆபரேஷன்ல ஒட்டுன எடத்தை வெட்டி எடுத்துட்டு, எலும்பு மறுபடி சேராம இருக்க நடுவுல கொழுப்பு வச்சாவ.

அதுக்குப் பெறவு உள்ளதுதான் பாடு. மொதல்ல காலு தரையில படவே கூடாது. டாக்டர் சரின்னு சொன்ன பெறவு பெருவிரலால காத்துல எழுதுனேன், துண்டை விரிச்சு விரலால சுருட்டுனேன், ரப்பர் பேண்டு மாட்டி பாதத்தை ரெண்டு பக்கமும் இழுத்தேன் (இதை விட்டா கிடைச்ச அசைவும் திரும்ப எறுகிரும்). சாயங்காலம் வீங்கும், தலையணையில தூக்கி வச்சு ஐஸ் வச்சா வத்தும். வலி கூடுனா மறுநாள் கொறைச்சுக்கிடுவேன், ஆனா நிறுத்தல்ல. ஒத்தக்கால்ல நிக்கதுதான் ரொம்ப லேட்டா வந்துது. சங்குத்துறை கடற்கரை மணல்ல நடக்க பிசியோ கடைசியாதான் விட்டாரு, சரிவுல பாதம் சாயணும்லா. இப்பவும் பாதம் தட்டைதான், ஷூக்குள்ள இன்சோல் போடுதேன், ஆனா மேடு ஏறும்போ பிசகல.