சரித்திரப் பைத்தியம் புடிச்ச குழந்தையோட டூர் போறதுக்கு முன்னாடி

வீட்ல ஒரு குழந்தைக்கு சரித்திரப் பைத்தியம் புடிச்சிருச்சுன்னா டூர் பிளான் மொத்தமும் தலைகீழா ஆயிடும். நாம பீச், மலைன்னு பேசிட்டு இருப்போம், அது கோட்டை எங்க இருக்கு, கல்லறை எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டு நிக்கும். எங்க வீட்ல மூத்தவன் அப்படித்தான், ரோம்னு ஆரம்பிச்சான்னா சாப்பிடக்கூட மறந்துடுவான். சின்னவளுக்கு இதுல துளி ஆர்வம் கிடையாது, "இன்னும் எத்தன கல்லு பாக்கணும்"னு கேக்கற ரகம். இந்த ரெண்டு பேரையும் ஒண்ணா இழுத்துக்கிட்டு சுத்தினதுல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் எழுதறேன்.

மொதல்ல ஊரை முடிவு பண்ணாதீங்க, கேள்விய முடிவு பண்ணுங்க. "எகிப்து புடிக்கும்"னு ஒரு குழந்தை சொன்னா அதை மட்டும் வச்சு டிக்கெட் போட்டுடக்கூடாது. ஒரு குழந்தைக்கு மம்மி பாக்கணும், இன்னொண்ணுக்கு அவ்ளோ பெரிய கல்லை எப்படி மேல ஏத்தினாங்கன்னு தெரியணும், இன்னொண்ணுக்கு அந்தப் பட எழுத்து மேலதான் கண்ணு. மம்மின்னா நீங்க நேரம் ஒதுக்க வேண்டியது மியூசியத்துக்கு, கல்லுன்னா கிசா பிரமிடுக்கு, எழுத்துன்னா லக்சர் பக்கத்துல இருக்கற ராஜாக்கள் பள்ளத்தாக்குக்கு, ஏன்னா அங்கதான் கல்லறைச் சுவர் பூரா எழுத்தும் படமுமா இருக்கு. அதனால ஒரு நோட்டுல மூணு கேள்வி எழுதச் சொல்லுங்க, மூணே மூணு, அதுக்குப் பதில் எங்க கிடைக்குமோ அங்க போங்க. இது ஒண்ணைச் செஞ்சாலே பாதி பிளான் முடிஞ்சுது.

கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி நாங்க செஞ்ச ஒரு வேலை நல்லா வொர்க் அவுட் ஆச்சு. நீளமா ஒரு பேப்பர் ரோல் எடுத்து சுவத்துல ஒட்டி, 10 வருஷத்துக்கு 1 சென்டிமீட்டர்னு கணக்கு வச்சு பின்னாடி போய்க்கிட்டே இருக்கணும். குழந்தையோட வயசு ஒரு சென்டிமீட்டர்கூட வராது, தாத்தா பாட்டி வயசு ஏழு எட்டு சென்டிமீட்டர் வரும். ராஜராஜன் தஞ்சை பெரிய கோயிலைக் கட்டி முடிச்ச 1010 சுமார் ஒரு மீட்டர்ல, இத்தாலியில வெசுவியஸ் எரிமலை வெடிச்ச கி.பி. 79 ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா, கிசா பெரிய பிரமிடு நாலரை மீட்டர்ல. எங்க ஹால் சுவரு பத்தாம பேப்பர் திரும்பி சமையல்கட்டுக்குள்ள போயிடுச்சு, பிரமிடு ஃபிரிட்ஜ் பக்கத்துல வந்து நின்னுச்சு. "ரொம்ப பழசு"ங்கற வார்த்தைய நாம ஆயிரம் தடவை சொல்லிப் புரிய வைக்க முடியாததை அந்த நடை புரிய வச்சிடும்.

அடுத்தது, ஒரு நாளைக்கு ஒரு இடம். ஒண்ணுதான். மொத்தத்தையும் பாத்துடணும்னு நினைக்கிறது பெரியவங்க வியாதி, காசு குடுத்துட்டோமேங்கற கணக்கு அது. பாம்பேய் (அந்த வெசுவியஸ் சாம்பல்ல புதைஞ்சு போன ரோமானிய ஊர்) மாதிரி இடம் சுமார் 66 ஹெக்டேர், அதுல மூணுல ஒரு பங்கு இன்னும் தோண்டவே இல்ல, தோண்டின மிச்சத்தை ஒரே நாள்ல சுத்தினா குழந்தைக்குக் கால் வலிதான் ஞாபகம் இருக்கும். அஞ்சு விஷயத்தைக் குறிச்சுக்கோங்க போதும். நாங்க குறிச்சது என்னன்னா, தெருவுக்குக் குறுக்க வரிசையாப் போட்டிருக்கற பெரிய கல்லுங்க (தெருவுல ஓடற தண்ணி, சகதில கால் வைக்காம தாண்டறதுக்கு), அந்தக் கல்லுங்களுக்கு நடுவுல வண்டிச் சக்கரம் போய்ப் போய் விழுந்த பள்ளம், வாசல் தரையில சங்கிலி போட்ட நாய் படம் பதிச்சு நாய் இருக்கு ஜாக்கிரதைன்னு எழுதியிருக்கற வீடு, மாவரைக்கற எந்திரக்கல்லோட இருக்கற பேக்கரி, தெருவோரமா பானை பதிச்ச கவுன்டரோட இருக்கற சாப்பாட்டுக் கடை. கோயிலும் தூணும் குழந்தைங்களுக்கு ரெண்டாம்பட்சம்தான், சாதாரண ஜனங்க எப்படி இருந்தாங்கங்கறதுதான் அதுங்களுக்கு ஒட்டுது. கம்போடியா போனாலும் அப்படித்தான், அங்கோர் வாட்டுக்குக் குடுக்கற நேரத்துல பாதியாவது பயோன் கோயில் சுவத்துக்குக் குடுங்க, அங்க சந்தை, சமையல், சேவல் சண்டைன்னு எண்ணூறு வருஷத்துக்கு முந்தின தெருவே செதுக்கி வச்சிருக்கு.

இப்ப ரூல்ஸ் விஷயம். இதுல சறுக்கினாதான் குழந்தை அழும். தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை லீவு, பாரிஸ் லூவ்ரு மியூசியம் செவ்வாய்க்கிழமை லீவு, இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் இருக்கும், அந்த இடத்தோட சொந்த வெப்சைட்லதான் பாக்கணும், யாரோ எப்பவோ எழுதினதை நம்பக்கூடாது (நான் நம்பினேன், ஒரு மியூசியம் வாசல்ல பூட்டைப் பாத்துட்டு குடும்பத்தோட திரும்பி வந்தேன், இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாங்க). பெரு நாட்டுல இருக்கற பழைய மலை நகரம் மச்சு பிச்சுல டிக்கெட்லயே நேரமும் எந்தப் பாதைங்கறதும் இருக்கும். அது தவிர, அதுக்குப் போற வழியில தங்கற குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம், மச்சு பிச்சுவே அதை விடக் கீழதான் இருக்கு, அந்த உயரம் ஒடம்புக்குப் பழகணும், அதனால குஸ்கோ போய் எறங்கின மொத நாள் சும்மா இருங்க. ராஜாக்கள் பள்ளத்தாக்குல சாதா டிக்கெட்டுக்கு மூணு கல்லறைதான், எகிப்து ராஜா துட்டன்காமன் கல்லறைக்குத் தனி டிக்கெட், "துட்டன்காமன் எங்க"ன்னு உள்ள போய் நின்னு கேக்கற குழந்தைக்கு அப்ப பதில் சொல்ல முடியாது. அங்கோர் வாட்டோட உச்சி மாடத்துக்கு 12 வயசுக்குக் கீழ இருக்கறவங்களை விடமாட்டாங்க, இதையெல்லாம் வீட்லயே சொல்லிடுங்க.

தொட முடியுமா முடியாதாங்கறதும் முக்கியம். இங்கிலாந்துல இருக்கற பழைய கல் வட்டம் ஸ்டோன்ஹெஞ்ச்ல சாதாரண டிக்கெட்ல போனா கயித்துக்கு வெளிய நின்னுதான் பாக்கணும், கல்லைக் கட்டிப்புடிக்கப் போறேன்னு கனவு கண்டுட்டு வந்த புள்ளைக்கு மூஞ்சி தொங்கிடும். அங்கருந்து சுமார் 40 கிலோமீட்டர்ல ஏவ்பரின்னு ஒரு ஊர் இருக்கு, அங்க இருக்கற கல் வட்டத்துக்குள்ள நடக்கலாம், தொடலாம். பிரான்ஸ்ல லாஸ்கோ குகை ஓவியம் இன்னொரு மாதிரி. அதை 1940ல கண்டுபுடிச்சதே நாலு விடலைப் பசங்கதான், ஆனா ஜனங்க விட்ட மூச்சுக்காத்துலயே ஓவியம் கெட ஆரம்பிச்சு 1963ல மூடிட்டாங்க, இப்ப நாம பாக்கறது நகல். இதை அங்க போய்ச் சொன்னா "ஏமாத்திட்டீங்க"ன்னு வரும், முன்னாடியே காரணத்தோட சொன்னா அந்தக் குழந்தையே பக்கத்துல நிக்கறவங்களுக்கு விளக்கம் சொல்லிட்டு இருக்கும்.

தோண்டி எடுத்ததெல்லாம் அங்கயே இருக்காதுங்கறதை மறந்துடாதீங்க. பாம்பேய்ல கெடைச்ச நல்ல நல்ல பொருளெல்லாம் நேப்பிள்ஸ் மியூசியத்துல இருக்கு, அலெக்சாண்டர் சண்டை போடற பெரிய மொசைக் படத்தோட ஒரிஜினலும் அங்கதான், பாம்பேய் வீட்டுத் தரையில இருக்கறது நகல். எதை மொதல்ல பாக்கறதுன்னு கேட்டீங்கன்னா, நிறையப் படிச்ச குழந்தைன்னா மொதல்ல இடம், அப்புறம் மியூசியம். காலி ரூம்ல நின்னு "இங்க என்ன வச்சிருந்திருப்பாங்க"ன்னு அது யோசிக்கணும், மறுநாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பதில் கெடைக்கணும். ஆர்வம் கம்மியா இருக்கற குழந்தைன்னா உல்டாவாப் பண்ணுங்க, வெறும் செங்கல்லையும் கல்லையும் பாத்து அதுக்கு ஒண்ணும் தோணாது.

அந்த ஆர்வம் கம்மியான குழந்தையப் பத்திதான் யாரும் பேசறதே இல்ல. அதையும் நாலு மணி நேரம் வெயில்ல நிக்க வைக்கறோம். அதுக்குன்னு ஒரு தேடற வேலை குடுத்துடணும். சின்னவளுக்கு நான் குடுத்தது மிருக வேட்டை, எங்க போனாலும் செதுக்கினது வரைஞ்சது எல்லாத்துலயும் மிருகத்தை எண்ணணும். மாமல்லபுரத்துல அர்ஜுனன் தபசு பாறையில முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு தவம் பண்ற பூனையையும் அதைச் சுத்தி இருக்கற எலிங்களையும் எங்க எல்லாருக்கும் முன்னாடி அவதான் கண்டுபுடிச்சா. இன்னொரு வழி கக்கூஸ். சிரிக்காதீங்க, ரோமானியங்க வரிசையா உக்காந்து போன பொதுக் கழிப்பிடம் துருக்கில எபேசஸ்லயும் இருக்கு, இங்கிலாந்துல ரோமானியங்க கட்டின ஹேட்ரியன் சுவத்து ஓரமா ஹவுஸ்டெட்ஸ் கோட்டையிலயும் இருக்கு, எந்தக் குழந்தைக்கும் போரடிக்காத ஒரே தொல்லியல் அதுதான். சீனப் பெருஞ்சுவர் போறதா இருந்தா முடியான்யூ பக்கம் போங்க, பாத்து முடிச்சதும் சறுக்கு வண்டியில கீழ எறங்கி வரலாம், மூத்தது சுவத்துக்கு வரும், சின்னது சறுக்கறதுக்கு வரும்.

கைடு வைக்கணுமான்னா, வைங்க, ஆனா பேசி முடிக்கறதுக்கு முன்னாடி உங்க புள்ளையோட ஒரு கேள்விய அவர்கிட்ட போடுங்க. "தெரியல தம்பி, வா பாக்கலாம்"னு சொல்றவர் கெடைச்சா விடாதீங்க, ஒப்பிக்க ஆரம்பிச்சார்னா நன்றி சொல்லிட்டு நகருங்க. ஆடியோ கைடு எனக்குப் புடிக்கல, ஆளுக்கொரு ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு நாலு பேரும் நாலு திசையில நிப்போம், அப்புறம் எதுக்கு குடும்பத்தோட போறது. ஒரு இடத்துல பத்து நிமிஷம் குழந்தையே கைடா இருக்கட்டும், நாம போனை உள்ள வச்சுட்டு வாயை மூடிக்கிட்டு கேக்கணும். தப்பாச் சொன்னா அங்கயே திருத்தாதீங்க, நோட்டுல எழுதி வச்சு ராத்திரி சேந்து தேடிப் பாத்துக்கலாம். நெறைய தடவை தப்பு நம்ம பக்கம்தான் இருக்கும்.

கஷ்டமான சரித்திரம் பத்தி ஒரு வார்த்தை. புக்ல படிக்கறப்ப போர், சாவு எல்லாம் குழந்தைக்கு சுவாரசியமாத்தான் இருக்கும், நேர்ல அப்படி இருக்காது. பாம்பேய்ல இருக்கற அந்த மனுஷ உருவங்க சிலை கிடையாது, சாம்பலுக்குள்ள ஒடம்பு மக்கிப்போய் உண்டான வெற்றிடத்துல 1863ல ஃபியோரெல்லிங்கறவர் பிளாஸ்டர் ஊத்தி எடுக்க ஆரம்பிச்சது, அதாவது நெஜ ஆளுங்களோட கடைசி நிமிஷம். இதை முன்னாடியே சொல்லிட்டு, பாக்கறியா வேணாமான்னு அதுகிட்டயே கேளுங்க. போலந்துல நாஜிங்க ஜனங்களைக் கொன்ன முகாமான ஆஷ்விட்ஸ் நினைவிடத்துல 14 வயசுக்குக் கீழ இருக்கற பசங்களைக் கூட்டிட்டு வர வேணாம்னு அவங்களே சொல்றாங்க, எவ்ளோ புத்திசாலிப் புள்ளையா இருந்தாலும் அதைக் கேட்டுக்கறதுதான் சரி.

வெயில், தண்ணி, தொப்பி, பழகின செருப்போ ஷூவோ, கேட் தொறக்கறப்பவே போயிடறது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒண்ணு மட்டும், கீழ கெடக்கற ஓட்டுச்சில்லை குழந்தை பாக்கெட்ல போட்டுக்குதான்னு பாருங்க, பல நாடுகள்ல அது குற்றம். பாம்பேய்ல எடுத்துட்டுப் போன கல்லை மன்னிப்புக் கடுதாசியோட தபால்ல திருப்பி அனுப்பறவங்க உண்டு, அந்தக் கதையச் சொன்னா போதும், எங்க பையன் ஷூவைக் கூட உதறிட்டுத்தான் வெளிய வந்தான். கல்லுக்குப் பதிலா பத்து நிமிஷம் உக்காந்து படம் வரையச் சொல்லுங்க. ரஷ்யாவுல நோவ்கோரோட்ல ஓன்ஃபிம்னு ஒரு சின்னப் பையன் 13ஆம் நூற்றாண்டுல மரப்பட்டையில கீறின கிறுக்கலும் குதிரை மேல உக்காந்த வீரனும் இன்னிக்கும் இருக்கு, அதை போன்ல காட்டினீங்கன்னா வரைய வராதுன்னு சொல்ற குழந்தையும் பென்சிலை எடுக்கும்.

கடைசியா, ஊர் திரும்பறதுக்கு முந்தின அரை நாளை காலியா விடுங்க, எதுவும் புக் பண்ணாதீங்க. பாத்த இடத்துலயே ஒண்ணுக்கு மறுபடி போகணும்னு கேக்கும். நாங்க அப்படித்தான் பாம்பேய்க்கு ரெண்டாவது தடவை போனோம், மூத்தவன் அந்த வண்டிச் சக்கரப் பள்ளத்துல கையை வச்சு ஆழம் அளந்து நோட்டுல எழுதிக்கிட்டான், சின்னவ நேரா அந்த நாய் வீட்டு வாசலுக்குப் போய் நின்னுட்டா.