குற்ற உணர்ச்சியை மேடையேற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

கொங்குப் பக்கத்தில் நடக்கக்கூடிய கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காட்டுப்பன்றிக்காகத் தோட்டத்து வேலியில் திருட்டுத்தனமாகக் கரண்ட் விடுகிறார் ஒருவர். விடியற்காலையில் தண்ணி கட்டப் போன ஆள்காரர் அதில் சிக்கிச் சாகிறார். இதை நாடகமாக்கும்போது முதலில் வரும் தவறு, தோட்டக்காரரைக் காட்சிக்குக் காட்சி அழவிடுவது. மனசு உறுத்துகிறவர் மறுநாளும் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவார். கம்பியைச் சுருட்டி எங்கே ஒளிப்பது என்று பார்ப்பார். இறந்தவரின் மனைவியை நேற்றுவரை ‘வா, போ’ என்றவர், இன்று ‘வாங்க, உக்காருங்க’ என்பார். அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து பார்க்கட்டும். அங்கே வசனமே வேண்டாம்.

வெள்ளைச் சேலையில் ஆவி, எதிரொலியில் பேசும் மனசாட்சி இரண்டையும் விட்டுவிடுங்கள். வரிக்கு வரி ‘ஏனுங்க’ போடுவதும் வேண்டாம்.

பெரிய தவறு, பழியை ஒரே ஆள் தலையில் கட்டி முடிப்பது. லைனில் கொக்கி போட்டுக் கொடுத்தவர் யார்? தெரிந்தும் வாய் திறக்காத பக்கத்துத் தோட்டத்துக்காரர் யார்? ‘மக்காச்சோளம் பூராவும் போச்சு’ என்று நச்சரித்த மகனுக்குப் பங்கில்லையா? உறுத்தல் வேறு, பொறுப்பேற்பது வேறு. பழனிக்குக் காவடி எடுப்பார், கடா வெட்டுவார், ஆனால் இறந்தவர் வீட்டு வாசலில் போய் ‘நான்தான்’ என்று சொல்லமாட்டார். நாடகம் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

அப்புறம் போலீஸ் ஸ்டேஷன் காட்சி. அங்கே ஒப்புக்கொண்டதும் திரை விழுவது சட்டப்படியும் சரியில்லை. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு எதிரான சாட்சியமாகக் கோர்ட்டில் வைக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 25வது பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 23வது. ஆக, ஸ்டேஷனில் எல்லாவற்றையும் கொட்டியவர் வக்கீலைப் பார்த்தபின் மாற்றிப் பேசலாம். தன் வாயால் சொன்னதைத் தானே மறுப்பதுதான் நடிகருக்குக் கடினமான, நல்ல காட்சி. கதை 2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்தால் ‘302’ என்ற வசனமும் தப்பு, அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் கொலைப் பிரிவு. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கொலைக்கு 103. கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கு 105, கவனக்குறைவால் நேர்ந்த சாவுக்கு 106. எந்தப் பிரிவு என்ற வாக்குவாதத்தையே ஒரு காட்சியாக்கலாம்.

கடைசியாக, இறந்தவரின் மனைவி மன்னிப்பதற்கென்றே மேடைக்கு வரக்கூடாது. தோட்டக்காரர் இல்லாத ஒரு முழுக் காட்சியை அவருக்குக் கொடுங்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்துப் பணம், வாங்கிய முன்பணம், ஊர்ப் பெரியவர்கள் பேசிவிட்டுப் போன தொகை, அதை வாங்கலாமா வேண்டாமா என்று அவரும் அவருடைய அண்ணனும் சண்டை போடட்டும்.