பள்ளி நாள் காலையில் ரெட்டை ஜடையும் காட்டன் சேலையும்: புதிதாகக் கற்பவர்களுக்கு

பள்ளி வேன் வரக் கால் மணி நேரம் இருக்கும்போது சீப்பைக் கையில் எடுத்தால் பிள்ளைக்கும் கண்ணீர், அம்மாவுக்கும் கோபம். தலைவாரும்போது வலிப்பதற்குப் பெரும்பாலும் சிக்குதான் காரணம். அந்தச் சிக்கை எடுக்க வேண்டிய நேரம் முந்தின நாள் ராத்திரி. சேலையும் அப்படித்தான். கட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும், மடிப்பு எடுப்பதில்தான் நேரம் போகிறது. நேரம் தின்னும் வேலைகளை ராத்திரிக்குத் தள்ளிவிட்டால் காலையில் கை பதறாது. மகளின் தலை, உங்கள் தலை, உங்கள் சேலை மூன்றையும் அந்த முறையில் சொல்கிறேன். வீட்டில் அப்பா தலைவாரிவிடுவதாக இருந்தாலும் இதே படிகள்தான். ஜடை பின்னத் தெரிந்த அப்பா இருக்கும் வீட்டில் காலை எவ்வளவு லேசாகப் போகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

ராத்திரி செய்ய வேண்டியது

பிள்ளை சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும்போது ஜடையை அவிழ்த்துவிடுங்கள். உள்ளங்கையில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்து, முடியின் நீளத்தில் மட்டும் தடவுங்கள். உச்சியில் வேண்டாம், தலையணை பிசுக்காகும். பெரிய பல் உள்ள சீப்பால் நுனியிலிருந்து வாருங்கள். புதிதாகத் தலைவாருகிறவர்கள் பலர் உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிடுகிறார்கள். அப்போது மேலே உள்ள சிக்கெல்லாம் கீழே போய் ஒரே முடிச்சாகச் சேர்ந்துகொள்ளும். நுனியில் நாலு விரல் அளவு சிக்கு எடுத்த பிறகு, அதற்கு மேல் நாலு விரல், அப்புறம் அதற்கும் மேல் என்று ஏறிப் போங்கள்.

முக்கியமாக ஒன்று. சிக்கு இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே முடியை இடது கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்குக் கீழே மட்டும் வாருங்கள். இழுப்பு உங்கள் கைப்பிடியோடு நின்றுவிடும், மண்டைக்குப் போகாது. தலைவாரவே பயப்படுகிற பிள்ளைகள் இந்த ஒரு பிடியால் நாலு நாளில் அமைதியாக உட்காரப் பழகிவிடுவார்கள்.

சிக்கு எடுத்ததும் ஒரு தளர்வான ஒற்றைப் பின்னல் போட்டுத் தூங்க விடுங்கள். காலையில் மறுபடி சிக்கு விழுந்திருக்காது.

தலைக்குக் குளிப்பதை லீவு நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஈரமான முடியை இழுத்தால் நீளும், அதோடு எளிதில் அறுந்தும் போகும். ஈரத்தோடு மடித்துக் கட்டிய ஜடை சாயங்காலம் வரை உள்ளே காயாது. வாடை வரும், பொடுகு இருக்கிற பிள்ளைக்கு அரிப்பும் கூடும்.

ரெட்டை ஜடை, ரிப்பனோடு மடித்துக் கட்டுவது

தேவையானவை: ஒரு வால் சீப்பு, துணி சுற்றிய ரப்பர் பேண்ட் இரண்டு, ஒரு கிளிப், ஒரு இன்ச் அகல ரிப்பன் இரண்டு. ரிப்பன் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் இருந்தால் தாராளம். வெறும் ரப்பர் மட்டும் உள்ள மெல்லிய பேண்டைத் தவிருங்கள், கழற்றும்போது முடியைப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

1. நேர் வகிடு எடுங்கள். மூக்கு நுனிக்கு நேராக நெற்றியில் சீப்பின் வாலை வைத்து உச்சிவரை கோடு இழுங்கள். அங்கிருந்து பின்கழுத்துவரை இறங்கும்போது பிள்ளையின் தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனியச் சொல்லுங்கள். தலை நிமிர்ந்திருந்தால் பின்வகிடு கோணலாகத்தான் வரும்.

2. ஒரு பக்க முடியைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். மறுபக்க முடியைக் காதுக்குச் சற்றுப் பின்னால் சேர்த்து வாரி, ரப்பர் பேண்ட் போடுங்கள். கை பழகியவர்களுக்கு இந்த பேண்ட் தேவையில்லை. புதிதாகச் செய்கிறவர்களுக்கு இதுதான் பலம், பின்னும்போது கை தளர்ந்தாலும் மேலே நெகிழாது. இரண்டு பக்கமும் ஒரே உயரம்தானா என்பதை எதிரே வந்து நின்று, காது மடலை அடையாளமாக வைத்துப் பாருங்கள்.

3. மூன்று பிரிவாகப் பிரியுங்கள். வலதை நடுவுக்கு மேல் போடுங்கள், அது இப்போது நடுவாகிவிட்டது. பிறகு இடதை நடுவுக்கு மேல் போடுங்கள். இதே மாற்றி மாற்றி. ஒவ்வொரு முறையும் முடியைப் பக்கவாட்டில் இழுத்துச் சேருங்கள். கீழ்நோக்கி இழுத்தால் ஜடை நீளமாகத் தெரியும், ஆனால் தளர்ந்துவிடும்.

4. பாதி ஜடை வந்ததும் ரிப்பன். ரிப்பனின் நடுப்பகுதியை நடுப்பிரிவுக்குப் பின்னால் குறுக்காக வையுங்கள். ஒரு முனை இடது பிரிவோடும், இன்னொரு முனை வலது பிரிவோடும் சேரட்டும். இப்போது முடியும் ரிப்பனும் சேர்த்தே பின்னிக்கொண்டு போங்கள். முதல் இரண்டு பின்னலில் ரிப்பன் வழுக்கும். கட்டைவிரலால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டால் மூன்றாவது பின்னலில் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

5. நுனியில் இரண்டு விரல்கடை முடி மிச்சம் இருக்கும்போது ரிப்பனின் ஒரு முனையை நுனியைச் சுற்றி, மற்ற முனையோடு ஒரு முடிச்சுப் போடுங்கள்.

6. ஜடையை உள்பக்கமாக மடித்து, நுனியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் பேண்டுக்குப் பின்புறம் கொண்டுவாருங்கள். ரிப்பனின் இரண்டு முனைகளையும் அந்த அடிப்பாகத்தைச் சுற்றி எடுத்து முன்னால் ஒரு முடிச்சு, அதன் மேல் பூ முடிச்சு. பூவின் இரண்டு காதையும் ஒரே நேரத்தில் இழுத்துச் சமன் செய்யுங்கள்.

நெற்றியோரக் குட்டி முடிகளை அடக்க எண்ணெயை வழித்துப் பூச வேண்டாம். விரலில் தண்ணீர் தொட்டு ஒதுக்கி ஒரு ஸ்லைடு போட்டால் போதும். பளபளவென்று இறுக்கி வாரினால்தான் அழகு என்ற எண்ணம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி கொட்டி ஏறிக்கொண்டே போகும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் அங்கே முடி திரும்ப முளைக்காமலும் போகலாம். கட்டி முடித்ததும் பிள்ளையைப் புருவத்தை உயர்த்தச் சொல்லுங்கள். நெற்றித் தோல் இழுபடுகிறது என்று சொன்னால் தளர்த்துங்கள். பள்ளி விட்டு வந்ததும் அவிழ்த்துவிடுங்கள், ராத்திரிவரை கட்டி வைத்திருக்க வேண்டாம்.

தலைவாரும் நேரத்தில்தான் பேனும் கண்ணில் படும். பேன் குதிக்காது, பறக்காது. பிள்ளைகள் தலையோடு தலை ஒட்டி விளையாடும்போது ஊர்ந்து வரும். அழுக்கு வீட்டுப் பிள்ளைக்குத்தான் பேன் வரும் என்பது பொய், அதைச் சொல்லிப் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் ஒரே ஞாயிற்றுக்கிழமை வாரி முடித்தால் தீராது. ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால் மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் வாருங்கள். வீட்டில் எல்லோர் தலையையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள்.

அம்மாவின் தலை

வேலைக்குப் போகிற நாளில் தாழ்வான கொண்டைதான் என் தேர்வு. வியர்வையில் கழுத்தில் முடி ஒட்டாது, சாயங்காலம் வரை கலையாது. முடியைப் பின்கழுத்தில் சேர்த்து ஒற்றைப் பின்னல் போட்டு, அதைச் சுருட்டி வையுங்கள். பின்னாமல் வெறுமனே முறுக்கிச் சுருட்டிய கொண்டை மதியத்துக்குள் சரிந்துவிடும். யூ பின்னை நேராகக் குத்தினால் நிற்காது. கொண்டையின் விளிம்பில் கொஞ்சம் முடியைப் பின்னின் காலில் எடுத்து, தலையோடு ஒட்டிய முடியிலும் கொஞ்சம் பிடித்து, பின்னை அப்படியே திருப்பிக் கொண்டையின் நடுவை நோக்கி உள்ளே தள்ளுங்கள். எதிரெதிரே நாலு பின் இப்படிப் போட்டால் அசையாது. தோள்வரை மட்டுமே முடி உள்ளவர்களுக்குப் பாதி முடியை எடுத்து ஒரு கிளிப் போட்டாலே போதும்.

வண்டி ஓட்டுகிறவர்கள் கொண்டையையும் கிளட்ச் கிளிப்பையும் ஆபீஸ் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட் தலையில் சரியாக இறங்க வேண்டும், அதற்கு முதுகில் தொங்கும் ஒற்றைப் பின்னல்தான் தோது.

சேலை: மடிப்பை ராத்திரியே எடுத்து வைப்பது

புதிதாகக் கட்டப் பழகுகிறவர்கள் மதுரைச் சுங்குடியில் தொடங்கலாம். மென்மையான காட்டன், மடிப்பு சொன்னபடி கேட்கும். செட்டிநாட்டுக் கண்டாங்கி அழகுதான், ஆனால் கனம் கூடுதல். நாலைந்து தண்ணீர் பார்த்த பிறகே உடம்போடு படியும். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் ஊர் ஊராகக் கைத்தறிக் காட்டன் கிடைக்கும். தீபாவளியை ஒட்டித் தள்ளுபடியும் உண்டு, வருடத்துக்கு வேண்டியதை அப்போது வாங்கிவிடலாம். ஒவ்வொரு சேலைக்கும் தனி பிளவுஸ் தைக்கக் காசைப் போடாதீர்கள். கறுப்பு, மெரூன், சந்தன நிறம் என்று நல்ல அளவில் தைத்த மூன்று பிளவுஸ் இருந்தால் பத்துப் பன்னிரண்டு சேலைக்கு ஓடும்.

ராத்திரியில் செய்ய வேண்டிய முதல் வேலை முந்தானை. சேலையின் முந்தானைப் பக்கத்தை மேஜையில் விரித்து, கரை வெளியே தெரியும்படி ஐந்தாறு மடிப்பு எடுங்கள். முந்தானை பின்னால் முழங்கால்வரை தொங்குமாறு அளந்து, தோளில் வரும் இடத்தில் ஒரு ஊக்குக் குத்துங்கள். லேசாக இஸ்திரி போட்டால் மடிப்பு படியும்.

அடுத்தது கொசுவம். இது எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு முறை சேலையை முழுதாகக் கட்டிப் பாருங்கள். கொசுவம் தொடங்கும் இடத்தில் உள்புறமாக ஒரு சின்ன நூல் தையல் அடையாளம் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தச் சேலையை எப்போது எடுத்தாலும் அளக்க வேண்டியதில்லை. அந்த அடையாளத்திலிருந்து நாலைந்து இன்ச் அகலத்தில் ஐந்து முதல் ஏழு மடிப்பு எடுத்து, மேலே துணி கிளிப் போட்டு ஹேங்கரில் தொங்கவிடுங்கள்.

காலையில், முதலில் செருப்பைப் போடுங்கள். சேலை கட்டிவிட்டுக் குதிகால் செருப்பு போட்டால் கணுக்கால் தெரியும். உள்பாவாடை நாடாவை ஒரு விரல் உள்ளே போகும் அளவுக்குக் கட்டுங்கள். கயிறு மாதிரி மெல்லிய நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, இடுப்பில் கறுத்துத் தடித்து, ஆறாத புண்ணாகி, மிக அரிதாகப் புற்றுநோய்வரை போனதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இடுப்பில் ஆறாத புண் இருந்தால் நாடாவை மாற்றிக் கட்டிச் சமாளிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

வலது இடுப்பில் உள்முனையைச் செருகி, முன்பக்கமாக இடதுபுறம் போய் ஒரு சுற்றுச் சுற்றி முன்னுக்கு வாருங்கள். ஊக்குக் குத்தி வைத்த முந்தானையை இன்னொரு சுற்று கொண்டுவந்து, வலது கைக்குக் கீழாக எடுத்து இடது தோளில் போட்டு பிளவுஸோடு குத்துங்கள். இப்போது மிச்சம் இருப்பது கிளிப் போட்ட கொசுவம்தான். மடிப்புகள் இடதுபக்கம் பார்க்கும்படி வைத்து, கிளிப்பை எடுத்து ஒரு ஊக்குக் குத்தி, தொப்புளுக்குச் சற்று இடதுபுறம் மொத்தமாகச் செருகுங்கள். அடி உயரம் பார்த்து, கொசுவத்தை ஒருமுறை கீழ்நோக்கி நீவிவிட்டால் முடிந்தது.

இரு சக்கர வாகனத்தில் போகிறவர்கள் முந்தானையை முன்னால் சுற்றி இடுப்பில் செருகிவிட்டுத்தான் ஏற வேண்டும். சுடிதார் போடுகிறவர்கள் துப்பட்டாவின் இரண்டு முனையையும் இடுப்புப் பக்கம் முடிச்சுப் போடுங்கள். சக்கரத்தில் துணி சிக்கினால் சுதாரிக்க நேரமே இருக்காது.

மற்றவர்களுக்கு

பையனுக்கு மாதம் ஒரு முடிவெட்டு. கணவருக்கும் பையனுக்கும் ஞாயிறு சாயங்காலமே ஐந்து நாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டால் வாரம் ஓடிவிடும். சட்டை லேசான ஈரத்தில் இருக்கும்போது காலர், தோள், கை, கடைசியில் முன்பக்கமும் முதுகும் என்ற வரிசையில் போட்டால் தேய்த்த இடம் மறுபடி கசங்காது. இதைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கலாம்.

விசேஷ நாளில் குடும்பமே ஒரே துணியில் தைத்துப் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது வீண் செலவாகத்தான் தெரிகிறது, அந்தத் துணியை அடுத்த முறை யாரும் எடுப்பதில்லை. அம்மாவின் சேலைக் கரையில் உள்ள ஒரு நிறத்தை எடுத்து, மகளின் பாவாடைக்கோ அப்பாவின் சட்டைக்கோ வைத்தாலே போட்டோவில் குடும்பம் ஒன்றாகத் தெரியும். மகளுக்குப் பட்டுப் பாவாடை தைக்கும்போது அடியில் இரண்டு மூன்று டக் பிடிக்கச் சொல்லுங்கள், சட்டையின் பக்கத் தையலிலும் ஒரு இன்ச் துணியை உள்ளே விடச் சொல்லுங்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்துவிடலாம். பிரித்த தையலின் தடம் தெரிந்தால் அதன் மேல் மெல்லிய சரிகை லேஸ் ஒன்று வைத்துத் தைத்துவிடுங்கள்.